ரொம்பக் கண்டிப்பான காலேஜ்

தம்பி,

கடிதம் எழுதும் பழக்கம் நம் வீட்டில் யாருக்கும் கிடையாது. போனில் பேசினால், "சாப்பிட்டயா", "சாப்பிட்டேம்ப்பா", "அங்கன மழையா", "லேசாத் தூறுது" என்பதோடு நம் பேச்சு முடிந்துவிடும். அப்புறம் நீ அம்மாவிடம் கொடுக்கச் சொல்வாய். விட்டது தொல்லை என்று நானும் கொடுத்துவிடுவேன். இந்தத் தடவை அப்படி நழுவ முடியாத விஷயம் வந்துவிட்டது. அதனால்தான் திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூமில், த்ரீ பேஸ் கரண்ட் எப்போது வரும் என்று காத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். சனிக்கிழமை ஊருக்கு வரும்போது பஸ்ஸில் படித்துக்கொள். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் இதை ஆரம்பித்தேன். வயசாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் வயசு இல்லை, வெட்கம்.

உன் தங்கச்சிக்கு இரண்டு இடத்தில் சீட் கிடைத்திருக்கிறது. ஒன்று கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கும் யுனிவர்சிட்டி, நீ அன்றைக்கு ஆசைப்பட்ட அதே இடம். இன்னொன்று நீ படித்த காலேஜ். அவள் கேட்ட படிப்பு இரண்டிலும் இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாப்பா உன் காலேஜில்தான் சேரப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளைத் தடுக்கும் யோக்கியதை எனக்கு இல்லை, உனக்குத்தான் இருக்கிறது. அதைச் செய் என்று உன்னிடம் கேட்பதற்கு முன்னால், நான் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

நீ பிளஸ் டூ முடித்த வருஷம் உன் சோலை மாமாவின் காரில் நாம் காலேஜ் பார்க்கப் போனோம். முதலில் போனது அந்த யுனிவர்சிட்டிக்கு. கேட்டில் இருந்த வாட்ச்மேன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. எனக்கு அங்கேயே மனசு விட்டுப்போயிற்று. உள்ளே போனால் மரத்துக்கு மரம் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ஓரத்தில் பறை அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். கேண்டீனில் ஆணும் பெண்ணும் ஒரே தட்டில் பஜ்ஜியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். யாரோ ஒரு பையன் உன்னிடம் வந்து எந்த ஊர், என்ன குரூப் என்று விசாரித்துவிட்டு, லைப்ரரியைக் காட்டுகிறேன் என்று உன்னைக் கூட்டிக்கொண்டு போனான். நீ திரும்பி வந்தபோது உன் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு வெளிச்சமான முகத்தோடு நீ வீட்டில்கூட இருந்ததில்லை. இன்னொரு அப்பனாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். "இது காலேஜா, வீரபாண்டித் திருவிழாவா? ஏறுலே கார்ல," என்றேன்.

மறுநாள் மற்ற காலேஜ். பேரை இங்கே எழுத வேண்டாம், உனக்குத் தெரியாததா. கேட்டிலேயே நம் போனை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆண் பிள்ளைகளுக்கு ஒரு படிக்கட்டு, பெண் பிள்ளைகளுக்கு ஒரு படிக்கட்டு. நடைபாதையின் நடுவே கோடு போட்டிருந்தார்கள், இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் அவர்கள். பிள்ளைகள் எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் போய்க்கொண்டிருந்தார்கள். வார்டன் எனக்குக் காபி வரவழைத்துக் கொடுத்து, "கவலையே படாதீங்க சார். பையனை இங்க ஒப்படைச்சிட்டுப் போங்க. படிச்சு முடிச்சதும் வேலையோட திருப்பித் தர்றோம்," என்றார். திராட்சைப் பந்தலுக்கு வலை கட்டிவிட்டு வந்தால் ஒரு நிம்மதி வருமே, இனி குருவி கொத்தாது என்று, அந்த நிம்மதி எனக்கு அப்போது வந்தது. நீ என்ன நினைக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

திரும்பி வரும் வழியில் தேவதானப்பட்டியில் டீ குடிக்க நிறுத்தினோம். நீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாய். "அப்பா, அங்கன ஒருத்தர் மூஞ்சியிலயும் சிரிப்பே இல்லப்பா," என்றாய்.

"நீ என்ன சிரிக்கவாலே போற? படிக்கத்தான போற," என்றேன்.

உன் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். நீ டீயைக் கீழே ஊற்றிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டாய். என் வெட்கத்துக்குக் காரணம் அன்றைக்கு அப்படிச் சொன்னது மட்டுமில்லை. அந்தப் பதிலை நான் பிறகு எத்தனையோ விசேஷ வீடுகளில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பு வாங்கினேன். சில இடங்களில் நீயும் பக்கத்தில் நின்றாய்.

நம் பக்கத்தில் பிள்ளையைக் காலேஜில் சேர்த்திருக்கிறேன் என்றால் வாத்தியார்கள் எப்படி, பாடம் எப்படி என்று யாரும் கேட்பதில்லை. "காலேஜு கண்டிப்பானதா?" என்றுதான் கேட்பார்கள். நான் பேரைச் சொன்னதும், "அங்கயா சேத்துருக்கீக? ரொம்பக் கண்டிப்பாச்சே!" என்று புருவத்தைத் தூக்குவார்கள். நான் பட்டுச்சட்டையை நீவிவிட்டுக்கொள்வேன். அந்தக் கண்டிப்பு என்கிற வார்த்தைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பையன் யாரோடு பழகுவான், எந்த வீட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிற்பான், சொந்தக்காரர்கள் முன்னால் நாம் தலை குனிய வேண்டி வருமோ என்கிற பயம்தான் அது. படிப்புக்காக உன்னை அங்கே சேர்த்தேன் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தது பொய். நீ யாரையும் நேசித்துவிடக் கூடாது என்பதற்காகச் சேர்த்தேன். இதை எழுதுவதற்குள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

படிப்பை நான் குறை சொல்லவில்லை. வாத்தியார்கள் கரடியாய்க் கத்திச் சொல்லிக்கொடுத்தார்கள். நீ நல்ல மார்க் வாங்கினாய், ஒரு பேப்பரும் போகவில்லை. அந்த விஷயத்தில் வார்டன் சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டார். ஆனால் படிக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் இன்னொரு பிள்ளை வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருந்தது. நீயாக ஒரு ஆளைத் தேடிப் பிடித்தும் வைத்திருந்தாய்.

பிரவீனைப் பற்றித்தான் சொல்கிறேன். நாகர்கோவில்காரப் பையன், உன் ரூமில் இருந்தவன். இரண்டாம் வருஷம் அவன் பிறந்தநாளுக்கு ஹாஸ்டல் ரூமில் கேக் வெட்டினீர்கள் என்று வார்டன் எனக்குப் போன் போட்டார். கேக் வெட்டியதற்காக அப்பனைக் கூப்பிட்ட காலேஜைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை, உங்களைப் பார்த்துத்தான் வந்தது. அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்தேன். வார்டன் ரூமில் நீ சுவரோரமாக நின்றாய், அவன் உனக்குப் பக்கத்தில் நின்றான். நான் உன்னைக் கேட்கவில்லை, அவனிடம் போனேன். "தம்பி, எங்களுக்கு ஒரே ஆம்பளப் பிள்ள. நீ இவன் பக்கமே வராம இருந்தயின்னா அதுவே எங்களுக்குச் செய்யிற பெரிய உதவி," என்றேன். அந்தப் பையன், "சரிங்கப்பா," என்றான். தன் அப்பாவிடம் சொல்கிற மாதிரிச் சொன்னான். நான் அதோடு விடாமல் வார்டனிடம் கெஞ்சி உன் ரூமையும் மாற்றினேன். யாரோடும் பேசாத, புத்தகத்தை விட்டுத் தலை தூக்காத ஒரு சீனியரோடு உன்னைப் போடச் சொன்னேன். அதற்குப் பிறகு நீ வீட்டுக்கு வந்தால் எந்தப் பையன் பேரும் உன் வாயில் வரவில்லை. பிள்ளை திருந்திவிட்டான் என்று உன் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் மட்டும், "திருந்துன மாதிரித் தெரியல, தேஞ்ச மாதிரி இருக்கான்," என்றாள். அவளையும் வாயை மூடச் சொன்னேன்.

இதெல்லாம் எனக்கு உறைத்தது உன் கல்யாணத்தில்தான். நம் ஊரில் ஒரு பையனுக்குக் கல்யாணம் என்றால் மண்டப வாசலில் முதலில் எழும்புவது கூட்டாளிகள் வைக்கிற ஃப்ளெக்ஸ்தான். கூலிங் கிளாஸ் போட்டு, தலையைச் சிலுப்பிக்கொண்டு, வரிசையாகப் பயல்கள் நிற்பார்கள். அந்தக் கூத்தை நான் எவ்வளவோ கேலி பேசியிருக்கிறேன். பெரியகுளத்துச் சம்பந்தி வீட்டார் வருகிற மண்டபத்தில், மாப்பிள்ளைக்கென்று ஒரு ஃப்ளெக்ஸ்கூட இல்லை என்றதும் எனக்குக் கூசியது. உனக்கு யார் இருக்கிறார்கள் என்று உன்னிடம் கேட்கவும் வாய் வரவில்லை. நானே சின்னமனூர் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். கல்லூரி நண்பர்கள் வரவேற்கிறார்கள் என்று போடச் சொன்னேன்.

கடைப் பையன், "ஃப்ரெண்ட்ஸ் போட்டோவ இந்த நம்பருக்கு அனுப்பிவிடுங்கண்ணே," என்றான்.

என் போனில் என்ன இருக்கிறது? திராட்சைக் குலையும், மருந்து டப்பாவும், உன் மார்க் ஷீட்டும்தான். நான் முழிப்பதைப் பார்த்து அவனுக்கே பாவமாகிவிட்டது. "வேற கல்யாணத்துக்கு அடிச்ச போட்டோவெல்லாம் கம்ப்யூட்டர்ல கெடக்குண்ணே. அதுல எடுத்துப் போட்டுக்கிறவா? யாரு அண்ணாந்து பாக்கப் போறாக?" என்றான். நானும் சரி என்றேன். முகம் தெரியாத பயல்களை உனக்குக் கூட்டாளிகளாக வாங்கிக்கொண்டு வந்தேன் தம்பி. நீ தேடிப் பிடித்த ஒரே கூட்டாளியை விரட்டிவிட்ட அதே கையால்.

அண்ணாந்து பார்த்தார்கள். சம்பந்தி வீட்டு முறையில் ஒரு பெரியவர், வந்ததும் வராததுமாக ஃப்ளெக்ஸ் முன்னால் நின்றுகொண்டார். "இந்தா, இந்த ஓரத்துல நிக்கிறவன் எங்க தேவதானப்பட்டிப் பயல்ல? ஒர்க்‌ஷாப்பு வச்சிருக்கான். எட்டாப்புத் தாண்டல. இவன் எப்பப்பா மாப்பிள்ளயோட காலேஜுக்குப் போனான்?" என்று உரக்கக் கேட்டார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்போதுதான் நீ வந்தாய், மாலையும் கழுத்துமாக. ஃப்ளெக்ஸை ஒரு பார்வை பார்த்தாய், அப்புறம் என் முகத்தைப் பார்த்தாய். உனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"தெரிஞ்ச பசங்கதாங்க மாமா. லீவுல ஒண்ணாக் கிரிக்கெட் வெளையாடுவோம். கடைக்காரரு காலேஜுன்னு மாத்தி அடிச்சிட்டாரு," என்றாய்.

அன்றைக்கு என்னைக் காப்பாற்றிவிட்டாய். ஒரு தடவைகூட அதைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. வரவேற்பில் மைக்கைப் பிடித்தவன், "மாப்பிள்ளை ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் மேடைக்கு வாங்க," என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். மருமகளின் சிநேகிதிகள் வேன் பிடித்து வந்து ஆட்டமும் பாட்டமுமாக நின்றுகொண்டிருந்தார்கள். உன் பக்கம் காலியாக இருந்தது. நீ சிரித்த மாதிரியே நின்றாய். உன் அம்மா ஓடிப்போய்ப் பெரியப்பா வீட்டுப் பயல்களைத் தள்ளிவிட்டாள். நான் பந்திக்கட்டில் இலை போடுகிற வேலையைப் பார்க்கிற மாதிரி நகர்ந்துவிட்டேன். அந்த நேரத்தில் உன் பக்கத்தில் வந்து நிற்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

போன வாரம் திராட்சைக்கு மருந்து வாங்கப் போகிறேன் என்று உன் அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, பஸ் ஏறி அந்த யுனிவர்சிட்டிக்குப் போய்விட்டு வந்தேன். உள்ளே போகவில்லை. எதிரில் இருந்த டீக்கடை பெஞ்சில் ஒரு பகல் பூராவும் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் சொர்க்கம் என்று உன்னிடம் அளக்க மாட்டேன். பட்டப்பகலில் சிகரெட்டை ஊதிக்கொண்டு, அரியரைப் பற்றிப் பெருமை பேசிய பயல்களும் அங்கே இருந்தார்கள். ஆனால் பக்கத்து பெஞ்சில் ஒரு பிள்ளை, கணக்கோ என்னவோ, மற்ற மூன்று பேருக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். புரியவில்லை என்று ஒருத்தி தலையில் அடித்துக்கொள்ள, இவள் மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பித்தாள். பேச்சைக் கேட்டால் நம் பக்கம். ஊர் போடி என்றாள். நான் கோம்பைக்காரன் என்றதும் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து பேசினாள்.

"இங்கன படிப்பு எப்படித்தா?" என்று கேட்டேன்.

"படிச்சா இருக்குங்கய்யா, படிக்கலைன்னா யாரும் ஏன்னு கேக்க மாட்டாக. மொத வருசம் நான் ஆடுன ஆட்டத்துல பேப்பரு போயிருச்சு. அப்பறம் இவளுகதான் என்னயப் பிடிச்சு உக்கார வச்சுப் படிக்க வச்சாளுக," என்று சிரித்தாள்.

"ஒடம்புக்கு ஏதாச்சும் வந்துச்சுன்னா?"

"டெங்கு வந்துச்சுல்ல. வீட்டுக்கே அப்பறந்தான் சொன்னேன். இவளுகளே ஆஸ்பத்திரியில சேத்து, மாத்தி மாத்திப் பக்கத்துல இருந்தாளுக."

அதைக் கேட்டதும் எனக்கு உன் மூன்றாம் வருஷம் ஞாபகம் வந்தது. உனக்கு மஞ்சள்காமாலை வந்து, அது முற்றிய பிறகு வார்டன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை தனியாகவே படுத்துக் கிடந்திருக்கிறாய். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று உன்னைத் திட்டினேன். யாரிடம் சொல்வாய்? சொல்வதற்கு இருந்த ஒருவனைத்தான் நான் ஏற்கெனவே தள்ளிவிட்டிருந்தேனே. அந்தப் பிள்ளைகள் முன்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. டீயில் இஞ்சி அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

காலேஜ் பார்க்கப் போகிறவன் கேட்டில் எத்தனை வாட்ச்மேன் என்று பார்க்கக் கூடாது என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. லைப்ரரியில் விளக்கு எரிகிறதா, வாத்தியார் ரூமுக்குள் பிள்ளை பயமில்லாமல் போய்ச் சந்தேகம் கேட்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். வகுப்பு முடிந்து வெளியே வரும் பிள்ளைகள் சேர்ந்து வருகிறார்களா, தனித்தனியாக வருகிறார்களா என்றும் பார்க்க வேண்டும். பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்து, காய்ச்சலுக்குக் கஞ்சி வாங்கிக் கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் ஒரு பிள்ளையை விட்டுவிட்டு வருவது படிக்க வைப்பது ஆகாது. கூட்டாளிகள் மட்டும் இருந்து படிப்பு இல்லாத இடமும் வேண்டாம். இரண்டையும் தூக்கிப் பார்க்க ஒரு அப்பனுக்கு நிதானம் வேண்டும். நான் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தேன். பயந்தவனுக்கு அதுதான் தெரியும்.

பாப்பாவிடம் இதையெல்லாம் நீங்களே சொல்ல வேண்டியதுதானே என்று நீ நினைக்கலாம். முந்தாநாள் சொல்ல உட்கார்ந்தேன். அவள் தோசை தின்றுகொண்டிருந்தாள். "ஆத்தா, அந்தக் கோயம்புத்தூர் யுனிவர்சிட்டியையும் ஒருக்கா யோசிச்சுப் பாரேன்," என்று ஆரம்பித்தேன்.

"எதுக்குப்பா? உங்களுக்கு அதெல்லாம் பிடிக்காதுல்ல. அண்ணன் காலேஜே எனக்குப் போதும். அங்கன ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு அண்ணனே எத்தன தடவ சொல்லிருக்காக. நெறையக் கூட்டாளிக, ஹாஸ்டல்ல ஒரே சிரிப்பும் கும்மாளமுமா இருக்குமாம்ல," என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீ அவளிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாய். நீ படிக்கும்போது அவள் சின்னப் பிள்ளை. ஹாஸ்டல் எப்படி இருக்கிறது என்று லீவுக்கு வரும்போதெல்லாம் உன்னைப் பிடித்து உலுக்கிக் கேட்பாள். உண்மையைச் சொன்னால் அவள் என்னைத் தப்பாக நினைப்பாள் என்று, இல்லாத கூட்டாளிகளை எல்லாம் உண்டாக்கி அவளுக்குக் கதை சொல்லியிருக்கிறாய். மண்டபத்தில் சொன்ன மாதிரியே. அப்பனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நீ சொன்ன பொய்யை நம்பி, இப்போது அவள் அதே கேட்டுக்குள் நுழையப் போகிறாள். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "அதெல்லாம் பொய்யித்தா, ஓங்க அண்ணன அங்கன நாந்தான் ஒத்தையாக்கி விட்டேன்" என்று ஒரு வரி போதும். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நான், "ஆமாத்தா, நல்ல காலேஜுதான்," என்று சொல்லிவிட்டு எழுந்து தோட்டத்துக்கு வந்துவிட்டேன். இது பழைய கதை இல்லை தம்பி, முந்தாநாள் நடந்தது. இந்த வயசிலும் நான் இப்படித்தான் இருக்கிறேன்.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்து நடந்ததைச் சொல். பிரவீனைப் பற்றிச் சொல், மஞ்சள்காமாலையில் படுத்துக் கிடந்ததைச் சொல், மண்டபத்து வாசலில் நின்றவர்கள் யார் என்று சொல். நான் எதற்குப் பயந்தேன் என்பதையும் விட்டுவிடாதே. என்னை நல்லவனாக்க ஒரு வார்த்தையும் சேர்க்க வேண்டாம். அதற்குப் பிறகும் அவள் அந்தக் காலேஜ்தான் வேண்டும் என்றால் அங்கேயே சேரட்டும், ஆனால் தெரிந்து சேரட்டும். எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறாளோ அங்கே போடுகிறேன். சேர்க்க நீங்கள் இரண்டு பேரும் போங்கள். நான் காரில் ஏற மாட்டேன்.

அவள் வீட்டுக்கு வந்து என்னிடம் கத்துவாள். அவள் குணம் உனக்குத் தெரியுமே, தட்டைத் தூக்கி எறிந்தாலும் எறிவாள். நீ குறுக்கே வந்து அவளை அடக்கிவிடாதே. அப்பா பாவம் என்று சொல்லிவிடாதே. நான் வாசலை விட்டு நகராமல் உட்கார்ந்திருப்பேன். நீ இத்தனை வருஷம் என்னிடம் கோபப்படவே இல்லை. நான் பெற்ற பிள்ளைகளில் ஒன்றாவது என் முகத்துக்கு நேராகக் கோபப்பட்டு நான் பார்க்க வேண்டும்.

அப்பா